நானூறு ரூபாய்க்கு ஒரு கெட்டப்போல்

கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பக்கம் போகிற வீதியில், வீடுகள் குறைந்து வயல் தெரியத் தொடங்கும் இடத்தில் ஒரு சைக்கிள் கடை. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் தொங்கும் டயர்களைப் பார்த்தே ஆட்கள் வருகிறார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதம். வயலைக் கடந்து வரும் காற்று கடைக்குள் புகுந்து, பஞ்சர் பார்க்கும் தாச்சித் தண்ணீரையும் சூடாக்கி விட்டுப் போகிறது. சிறுபோக வேளாண்மை பால் பிடிக்கிற பருவம். கிளிகளுக்கு இது தெரியும்.

என் சைக்கிளின் பின்சில்லு கழற்றப்பட்டுக் கிடக்கிறது. எனக்கு முன்னால் வந்தவனின் காரியம் முடிந்த பிறகுதான் என் முறை. முன்னால் வந்தவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். பாடசாலைக் காற்சட்டை மாறவில்லை. மேலே மட்டும் ஒரு ரீசேர்ட். அவனிடம் சைக்கிள் இல்லை. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது.

"காக்கா, நல்ல றப்பர் இரிக்கா?"

"என்னத்துக்கு?"

"கெட்டப்போலுக்கு."

கடைக்காரர் நிமிரவில்லை. ஒரு ரிம்மின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறார். தளர்ந்த கம்பிக்கு ஒரு சத்தம், இறுகியதற்கு ஒரு சத்தம். "ஆருக்கு அடிக்கப் போற?" என்கிறார் கடைசியில்.

"மூத்தாப்பாட வட்டையில காவலுக்கு. கிளி கொண்டு போகுது."

"காசு எவ்வளவு இரிக்கி?"

பையன் மேல் பையில் கைவிட்டு நாலு நூறு ரூபாய்த் தாள்களை எடுக்கிறான். எண்ணத் தேவையில்லை, ஆனாலும் எண்ணுகிறான்.

முதலில் சொப்பிங் பை திறக்கப்படுகிறது. உள்ளே உண்டிவில்லுக்கான ஒரு கவர்க்கொம்பு, தோல் சீவி, பிடிக்கிற இடத்தில் கண்ணாடித் துண்டால் மழுப்பாக்கியது. நல்ல வடிவம். இரண்டு கையும் ஒரே பருமன், ஒரே விரிவு. இப்படி ஒன்றைத் தேடி அவன் எத்தனை வளவு ஏறி இறங்கினானோ. கடைக்காரர் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கிறார். பிறகு இரண்டு கையையும் பிடித்து மெல்ல உள்ளுக்கு அழுத்துகிறார். கவரின் அடியில் மயிர்போல ஒரு கோடு திறந்து மூடுகிறது.

"மாங்கொப்பு. இழுத்து நாலு அடி அடிச்சா வாய் பொளந்திடும். ஒரு நாளைக்கு அது உன்ட கண்ணுக்குத்தான் வரும். ஊட்ட கொய்யா இல்லையா?"

"இரிக்கி. மூத்தம்மா வெட்ட உட மாட்டா."

"கேட்டியா?"

"இல்ல."

கெட்டப்போலுக்குக் கொய்யாதான் என்ற பெயர் சும்மா வரவில்லை. அதன் மரம் இறுக்கமானது; இலேசில் பிளக்காது. புளியும் பலமானதுதான், ஆனால் கவர் அளவாகக் கிடைப்பது அரிது. வேம்பு பரவாயில்லை. முருங்கைக் கிளையைக் கொண்டு வருபவனை எந்தக் கடையிலும் சிரித்துத்தான் அனுப்புவார்கள். எந்த மரமானாலும் பச்சையாக வெட்டி நிழலில் தொங்கவிட்டு, ஈரம் தானாகப் போகும்வரை பொறுக்க வேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, வெடிப்பு உள்ளே இறங்கிவிடும்.

கடைக்காரர் மேசைக்குக் கீழே கைவிட்டுத் துழாவுகிறார். பழைய பெடல்கள், கறள் பிடித்த மணி, ஒரு டைனமோ, அதற்கும் கீழே ஒரு கொய்யாக் கவர். கறுத்துக் காய்ந்து கிடக்கிறது. யாரோ செய்ய நினைத்து விட்டுப் போனது. பையனின் மாங்கொப்பளவுக்கு வடிவில்லை. ஒரு கை கொஞ்சம் வளைவு. பையன் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தன் வேலைப்பாட்டை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை என்பது தோளிலேயே தெரிகிறது.

"இது நூறு ரூபா," என்கிறார் கடைக்காரர். "அதுல உன்ட நேரம் போச்சு, அவ்வளவுதான்."

மாங்கொப்பு மறுபடி பைக்குள் போகிறது. எறிந்துவிடவில்லை.

பிறகு றப்பர். ஒரு பெரிய பிஸ்கட் தகரம் முன்னால் வருகிறது. மூடியைத் திறந்ததும் டியூப் வாசம். பையன் குந்தியிருந்து தகரத்துக்குள் தலையையே விடுகிறான். மூன்று வகை இருக்கின்றன: இந்தக் காலத்துக் கறுப்பு டியூப் கீலங்கள் நிறைய, பழைய சிவப்பு டியூப் கொஞ்சம், அடியில், செய்தித்தாளில் சுற்றி, தேன் நிறத்தில் இரண்டு துண்டு லேற்றக்ஸ் குழாய், ஊசி போடுமுன் கையில் கட்டுவார்களே, அந்த வகை. பையனின் கை நேராகப் போவது கறுப்பில் ஆகத் தடித்த கீலத்துக்கு. லொறி டியூப்பாக இருக்க வேண்டும். இழுத்துப் பார்க்கிறான், முகம் சிவக்கிறது, சந்தோசம்.

"இது நல்லா தூரம் போகும், என்ன காக்கா?"

"தடிச்ச றப்பர் தன்னை இழுத்துக்கொண்டு வரவே பெலனப் போட்டிடும். கல்லுக்கு மிச்சம் வராது."

சொல்லிவிட்டு அவர் செய்து காட்டுகிறார். அந்தத் தடித்த கீலத்தை ஆணியில் மாட்டி, இழுத்து விடுகிறார். மந்தமாக ஒரு தட்டல். அடுத்து சிவப்பில் ஒரு விரலளவு அகலத்தில் வெட்டியதை, அதே அளவு இழுத்து விடுகிறார். படீர். கடைக்குள் இருந்த பூனை எழுந்து போகிறது. பையன் ஆணியையும் கீலத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னாலும் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கறுப்பு டியூப்பில் குற்றம் இல்லை. அது பியூட்டைல் றப்பர். 1937இல் அமெரிக்க எண்ணெய்க் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. காற்றைக் கசியவிடாமல் பிடித்து வைப்பதில் அதை வெல்ல ஆளில்லை. அதனால்தான் சைக்கிளுக்கு அது வந்தது. ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். இழுத்த பலத்தில் ஒரு பங்கைத் தனக்குள் சூடாக்கித் தொலைத்துவிடும். சிவப்பு டியூப்பிலுள்ள மரத்துப்பால் றப்பரோ வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கும்.

அந்த மரம் இந்தக் கரையில் வளராது, மழை போதாது. களுத்துறை, கேகாலைப் பக்கத்து மலையடிவாரங்களின் மரம் அது. அங்கேயும் வந்து குடியேறியதுதான். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, சுமார் 2000 கன்றுகள் அதே ஆண்டில் கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பகாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அதற்கும் முன்னால், 1839இல், சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு றப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டிருக்காவிட்டால் பிரயோசனம் இருந்திராது. பதப்படுத்தாத றப்பர் இந்தக் கச்சான் வெயிலில் பிசுபிசுத்துக் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இந்தக் கரைக்குத் துவக்கு போர்த்துக்கீசர் காலத்திலேயே வந்துவிட்டது; கெட்டப்போல் வர இன்னும் முந்நூறு ஆண்டு பிடித்தது. விளையாட்டுச் சாமான்தான் வயதில் இளையது.

கடைக்காரர் சிவப்புக் கீலத்தை இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டச் சொல்கிறார். பையன் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான்.

"கோடு கோடா இரிக்கி."

"அப்ப அது கிழவனாப் போச்சு. அடுத்தது பாரு."

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் செய்கிற வேலை. இழுத்த நிலையில்தான் அந்த வெடிப்புகள் கண்ணுக்குப் படும். சும்மா கிடக்கும்போது எல்லாக் கீலமும் நல்ல கீலம். மூன்று துண்டு கழித்து நாலாவது தேறுகிறது. ஆனால் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மற்றப் பக்கத்துக்கு அதே டியூப்பில் நல்ல இடம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வகை போட்டால் கல் ஒருநாளும் நேரே போகாது. மிஞ்சுவது செய்தித்தாளில் சுற்றிய தேன் நிறக் குழாய்.

"அது ரெண்டும் இருநூத்தம்பது."

நாலு தாளில் ஒன்று ஏற்கெனவே கொய்யாவுக்குப் போய்விட்டது. பையன் மனதுக்குள் கழிக்கிறான், உதடு அசைகிறது.

இந்த நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. அறுபது தாண்டிய வயல்காரர் ஒருவர். சாறத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாய். கடைக்காரர் "வாங்க போடியார்" என்று வாங்கைக் காட்டுகிறார். காற்றுப் பிடிக்க வந்தவர் காற்றை மறந்து தகரத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"கெட்டப்போலா? கிளிய உடு. மயிலுக்கு என்ன செய்வாய்? ஆனைக்கு?"

பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. வாப்பாவின் ஒற்றைக்குழல் துவக்கு. வேளாண்மைக் காவலுக்கென்று அரசாங்கம் கொடுத்த அனுமதி. வருசா வருசம் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கடதாசி, அந்தக் கடதாசிக்கு இன்னொரு கடதாசி. "துவக்கு சின்னன், பைல்தான் பெரிசி," என்கிறார். பிறகு மயில் கதை. 2025 மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்து நிமிடத்துக்குள் தங்கள் தங்கள் தோட்டத்திலும் வயலிலும் நிற்கிற குரங்கையும் மயிலையும் அணிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். நாடு முழுக்க ஒரே நேரத்தில்.

"நானும் போய் நிண்டன். கொப்பியும் பேனையும் வேற. அந்த அஞ்சி நிமிசமும் ஒண்டுமில்ல. எட்டேகாலுக்கு வந்திச்சு பாரு, வரிசையா."

கடைக்காரர் முதன்முறையாகச் சிரிக்கிறார். ஆனைக்கு யாரும் சிரிப்பதில்லை. யானை வெடி கொளுத்திப் போட்டாலும் இப்போது அவை திரும்பிப் பார்த்துவிட்டு மேய்கின்றன. கரையோர ஊர்களின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் பள்ளக்காட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு வருசத்தில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. போடியார் அதைப் பத்திரிகையில் படிக்க வேண்டியிருக்கவில்லை. "எங்கட குப்பை," என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்.

இந்தக் கெட்டப்போலைப் போலத் துவக்கையும் உதிரி உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டுவது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு. 1950களில் யூஜின் ஸ்ரோனர் வடிவமைத்த ஏ.ஆர்.15 வகைக்குப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அதில் ஒரே ஒரு பாகம்தான் துவக்கு, மற்றதெல்லாம் வெறும் சாமான். முதல் தடவை பூட்டுகிறவன் கையில் இருக்கும் காசை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்று அங்கே மணிக்கணக்காகப் பேசுவார்களாம். இலங்கையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் துவக்குச் செய்வதே குற்றம். காட்டோரக் கிராமங்களில் மறைவாகச் செய்து வைக்கும் கட்டுத்துவக்கு பன்றிக்கென்று வைத்தது. அதில் காலை இழந்த மனிதரும் உண்டு. ஆனால் நானூறு ரூபாயோடு தகரத்துக்கு முன்னால் குந்தியிருக்கும் இந்தப் பையனின் கணக்கும் அந்த அமெரிக்கனின் கணக்கும் ஒரே கணக்குத்தான்: பார்வைக்குத் தெரிகிற பாகத்தில் மிச்சம் பிடி, வேலை செய்கிற பாகத்தில் காசைப் போடு. இவன் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. கண் இன்னும் அந்தத் தடித்த கறுப்புக் கீலத்தில்.

"வாப்பாட்ட இன்னும் நூறு கேட்டு வாவன்," என்கிறார் போடியார்.

"வாப்பாக்குத் தெரியா."

"என்ன தெரியா? கெட்டப்போல்தானே?"

பையன் தகரத்தைப் பார்த்தபடி சொல்கிறான். "போன கொடியேத்தத்துக்குக் கடற்கரைப் பள்ளியில வாங்கின பிளாஸ்ரிக் துவக்கையே அடுப்புக்க போட்டுட்டாரு."

கொஞ்ச நேரம் ரிம்மின் கம்பிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் என்றால் கரையெல்லாம் கடை. வளையல், அல்வா, ஊதுகுழல், பிளாஸ்ரிக் துவக்கு. பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். அதை ஒரு தகப்பன் அடுப்பில் போடுவதற்குக் காரணம் கேட்க இந்தக் கடையில் யாரும் இல்லை. 2019 ஏப்ரல் 26 இரவு பக்கத்துச் சாய்ந்தமருதில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுதாரிகளின் ஆட்கள் ஒளிந்திருந்த வீட்டில் சூடும் வெடிப்பும் நடந்து, செத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த வாரங்களில் கரையோரம் முழுக்கத் தேடுதல். வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று பொலிஸ் அறிவித்தது. தேங்காய் வெட்டுகிற கத்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று உம்மாமார் ஒருவரையொருவர் கேட்டார்கள். அதற்கும் முந்திய தலைமுறைக்குப் போர்க்காலத்து 1990 இருக்கிறது. ஊர்காவல் படைக்கென்று பொடியன்களின் தோளில் சொட்கன் ஏறிய காலம். போடியாரின் வயதைப் பார்த்தால் அவருக்குச் சொல்ல அதிலும் ஏதாவது இருக்கும். அவர் துவாயால் முகத்தைத் துடைக்கிறார்.

"அப்ப வட்டை வாடியிலேயே வெச்சிடு. ஊட்ட கொண்டு போகாத," என்கிறார்.

அது ஒரு தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்ளப்படுகிறது. பையன் தேன் நிறக் குழாயை எடுத்து மடியில் வைக்கிறான். கணக்கு முடிந்தது.

தோலுக்கு அதிகம் பேச்சில்லை. பழைய றலி சைக்கிள் ஒன்றின் தோல் சீற், காகம் கொத்தினதுபோல் கிழிந்தது, சுவரில் தொங்குகிறது. அதன் ஓரத்தில், பாரம் படாத மெல்லிய இடத்தில், கடைக்காரர் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுகிறார். நடுவிலுள்ள தோல் தடிப்பு. கல்லைச் சுற்றி மடியாது. றெக்சினைத் தொட்டுப் பார்த்த பையனிடம் "அது மழைக்கு உரியும்" என்றதோடு சரி. தோல் ஐம்பது ரூபாய்.

கட்டுவதற்குப் பையன் நீட்டுவது செப்புக் கம்பி, மின்சார வயரிலிருந்து உரித்தது. கடைக்காரர் அதை வாங்கி நேராகக் குப்பைப் பெட்டியில் போடுகிறார். கம்பி றப்பரை அறுக்கும். இதற்கு நூல்தான். மருதமுனைத் தறிகளில் மிச்சமாகிற பஞ்சு நூல், நாலு புரி சேர்த்து இறுக்கிச் சுற்றினால் போதும். ஒரு கட்டை நூல் அவர் மேசை லாச்சிக்குள்ளேயே இருக்கிறது. பச்சை நிறம். அதற்கு எண்பது ரூபாயாம். பையன் தலையாட்டுகிறான், கணக்கு முடிந்தது என்று நான் நினைத்தது பிழை.

கடைசியில் குண்டு. கடைக்காரர் கழற்றிய சில்லிலிருந்து எடுத்த பெயாரிங் போல்கள் ஒரு மூடித் தகரத்தில், கிறீசில் ஊறி மினுங்குகின்றன. பையனின் கை அதற்கு நீள்கிறது. கடைக்காரர் மூடியை எடுத்து அந்தத் தகரத்தை மூடுகிறார். கோபமில்லை, அவசரமுமில்லை.

"அது வேணாம்."

"ஏன் காக்கா? உருண்டையா இரிக்கி, நேரே போகும்."

"அதுக்குத்தான் வேணாம்."

போடியார்தான் விளக்கம் சொல்கிறார். வரம்புக் களியை நெல்லிக்காயளவு உருட்டி நிழலில் காயவைக்க வேண்டும். பட்ட இடத்தில் உடைந்து தூளாகும். கிளிக்குச் சத்தம் போதும், சாக வேண்டியதில்லை. இரும்பு வயலுக்குள் கிடந்தால் வெட்டு மெசினுக்குள் போகும், உழும்போது காலுக்கு வரும். "மறுகா, மயிலுக்கு அடிச்சிப் போடாத. அதுக்கு வேற சட்டம்," என்கிறார். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. போடியாருக்கு அதன் இலக்கம் தெரியாது, வைத்திருக்கிற பயம் போதுமானது. பையன் களிமண் உருண்டையைக் கேவலமாக நினைக்கிறான் என்பது தெரிகிறது. ஆனால் அது இலவசம்.

கட்டுகிற வேலை கடைப் படியில் நடக்கிறது. பையனைத்தான் கட்டவிடுகிறார். ஒரு பக்கம் சுற்றி முடித்து, மற்றப் பக்கமும் முடித்து, தோலைத் தொடுத்து, எழுந்து நின்று இழுத்துப் பார்க்கிறான். வீதிக்கு அப்பால் வாய்க்கால் கட்டில் ஒரு பால்மாத் தகரம். சல்லிக் குவியலிலிருந்து ஒரு கல். விடுகிறான். கல் இடது பக்கமாய் வளைந்து தண்ணீருக்குள் விழுகிறது. இன்னொன்று, அதுவும் இடது பக்கம்.

போடியார் சிரிக்கத் தயாராகிறார். கடைக்காரர் கெட்டப்போலை வாங்கி, தோலை நடுவில் பிடித்துத் தொங்கவிடுகிறார். இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கமாய்த் தொங்குகின்றன. ஒன்று மற்றதைவிட அரை விரல் நீளம். நீளமானது பிந்தித்தான் இழுக்கும். தோல் ஒரு பக்கம் இழுபடும். கல் அந்தப் பக்கமே போகும். அவர் திருத்தவில்லை. நூலின் முடிச்சைக் கத்தி நுனியால் அவிழ்த்து, பையன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். என் பின்சில்லு இன்னும் கழற்றினபடியே கிடக்கிறது. நானும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை பையன் ஈர்க்கு ஒன்றை ஒடித்து அளவு வைத்துக் கட்டுகிறான். அந்த ஈர்க்கு யோசனையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முடிக்க நேரம் எடுக்கிறது. நூலைப் பல்லால் இறுக்குகிறான். முதல் கல் தகரத்துக்கு மேலால் போகிறது, நேராக. அடுத்தது தகரத்துக்குக் கீழே கட்டில் பட்டு மண்ணைக் கிளப்புகிறது, அதுவும் நேராக. அவன் தகரத்தை விழுத்தவே இல்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் விழுத்தியதாகத்தான் தெரிகிறது.

"நானூத்தி எண்பது," என்கிறார் கடைக்காரர்.

நாலு தாளும் மேசைக்குப் போகின்றன. எண்பது நிற்கிறது. கடைக்காரர் மேசையிலிருந்து கடன் கொப்பியை எடுத்து விரலை நனைத்துப் பக்கம் புரட்டுகிறார். "வாப்பாட பேரில எழுதட்டா?"

"வேணாம் காக்கா!" குரல் கீச்சென்று போகிறது. "மூத்தம்மாட பேரில எழுதுங்க."

"அவட பேரில டியூப் ஒண்டும் ரெண்டு பஞ்சரும் ஏற்கெனவே இரிக்கி. என்னெண்டு எழுத?"

பையன் யோசிக்கிறான். கையில் கெட்டப்போல், பைக்குள் மாங்கொப்பு.

"நூல் எண்டு எழுதுங்க," என்கிறான்.

கடைக்காரர் அப்படியே எழுதுகிறார்.